புழுவுக்கும் கொஞ்சம் இலை கொடுங்கள்!

வீட்டுச் செடியில் புழுவைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? குச்சியால் தட்டி, காலால் நசுக்கி விடுவீர்கள், இல்லையா? ஆசிரியராக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் பள்ளித் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரவேண்டும் என்று இட்லிப்பூ, செண்டுமல்லி எல்லாம் நட்டோம். ஓரத்தில் ஓர் எலுமிச்சைச் செடியும் இருந்தது. அதன் இலைகளைப் புழுக்கள் கடித்துத் தின்றன. "எல்லாவற்றையும் பொறுக்கி நசுக்குங்கள்" என்றேன். மாணவர்களும் அப்படியே செய்தார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் ஒரு புழுவைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி, ஜன்னலில் வைத்தாள். தினமும் புது எலுமிச்சை இலை கொடுத்தாள். ஒருநாள் அது குச்சியில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக மாறியது. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், கறுப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளிகளோடு அழகான வண்ணத்துப்பூச்சி! வகுப்பே கைதட்டியது. அவள் மட்டும் என்னைப் பார்த்து, "சார், நாம நசுக்கினது எல்லாம் இதுதானா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று நான் கற்ற பாடம் இதுதான். வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு வகைச் செடிகள் வேண்டும். தேன் குடிக்கப் பூச்செடி ஒன்று. முட்டையிட இலைச்செடி இன்னொன்று. தாய்ப்பூச்சி கண்ட செடியில் முட்டை இடாது. காலால் இலையைத் தொட்டு ருசி பார்க்கும். தன் குஞ்சுக்கு ஏற்ற இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டையிடும்!

எந்தச் செடிக்கு எந்த விருந்தாளி?

* எலுமிச்சை, கறிவேப்பிலை: கறுப்பு நிறப் பெரிய வண்ணத்துப்பூச்சிகள். இவற்றின் இளம்புழு பறவையின் எச்சம் போலவே இருக்கும். அதனால் பறவைகள் ஏமாந்துவிடும்!
* ஆவாரை, கொன்றை: மஞ்சள் நிறப் பூச்சிகள்.
* எருக்கு: ஆரஞ்சு நிறப் பூச்சி. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்.

ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் 2015ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கும் இந்த இரண்டு வகைச் செடிகளையும் வளர்க்கிறார்கள்.

சரி, தேனீக்களுக்கு என்ன நடலாம்? துளசி, தும்பை, சூரியகாந்தி, முருங்கை என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம்தான். அடுக்கடுக்காக இதழ் உள்ள பூக்களைவிட, ஒற்றை அடுக்குப் பூக்களே நல்லது. தேன் எடுப்பது சுலபம்.

தேனீ வராவிட்டால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? பூசணிக்கொடியைப் பாருங்கள். அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டு வந்து சேர்க்காவிட்டால், அந்தப் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். அப்புறம் சாம்பாருக்குப் பூசணி ஏது?

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. வெயில் படும் இடத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி, ஒரு இட்லிப்பூ வையுங்கள். மாடியில் தொட்டி போதும்.
2. அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். பூச்சிகள் கல்லில் உட்கார்ந்து குடிக்கும்.
3. பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அது நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும்.
4. தேன்கூட்டின் பக்கம் போகாதீர்கள். கல் எறியவே கூடாது.

இப்போது என் வீட்டுக் கறிவேப்பிலையில் பாதி இலைகள் ஓட்டைதான். "மருந்து அடிக்கக் கூடாதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். "மீதி பாதி ரசத்துக்குப் போதும்" என்று சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படிச் சொல்வீர்கள்தானே?