மராட்டியக் கரும்பும் அதன் தண்ணீரும்

மராட்டியத்தில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் அன்றாடம் காப்பியில் கலக்கும் சர்க்கரை பெரும்பாலும் இம்மண்ணில் விளைந்ததேயாகும். அதன் வரலாறு நாம் அறிந்து மகிழத்தக்கது. அதன் எதிர்காலமோ நாம் கவலையுடன் சிந்திக்கத்தக்கது.

இன்று அகல்யாநகர் என வழங்கும் அகமத்நகர் மாவட்டத்தில், பிரவரா நதியின் குறுக்கே 1926-இல் பண்டார்தரா அணை கட்டி முடிக்கப்பட்டது. கால்வாய் நீர் வந்ததும் கரும்பு செழித்தது. 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரி கிடைத்தபின் முதலாளிகளின் ஆலைகள் பெருகின. ஆயினும் சிறு உழவர்கள் வெல்லம் காய்ச்சி விற்று, கடனிலேயே உழன்றனர். இந்நிலையை மாற்ற முனைந்த லோணி கிராமத்து விட்டல்ராவ் விகே பாட்டீல், உழவர்களிடம் பங்குப்பணம் திரட்டினார். பொருளியல் அறிஞர் தனஞ்சயராவ் காட்கில் தலைமை ஏற்றார். பம்பாய் அரசின் நிதியமைச்சர் வைகுண்டலால் மேத்தா துணை நின்றார். 1950-இல் பிரவரா கூட்டுறவு ஆலை அரைவையைத் தொடங்கியது. கரும்பை விளைத்தவனே ஆலைக்கும் உடைமையாளனானான். அவ்வழியில் மாநிலமெங்கும் கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவற்றைச் சூழ வளர்ந்தன.

இவ்வளர்ச்சியில் நம் தாயகத்துக்கும் பங்குண்டு. 1912-இல் கோயமுத்தூரில் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் கரும்பைக் காட்டு நாணலோடு இணைத்துப் புது இனங்களைக் கண்டனர். அந்நிலையம் பின்னாளில் அளித்த கோ 740, கோ 86032 ஆகியவை மராட்டிய வயல்களில் பெருமளவில் பரவின.

ஆனால் இனிப்பின் விலையை இன்று தண்ணீர் செலுத்துகிறது. மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதமே கொண்ட கரும்பு, பாசன நீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பருகுகிறது என்பது வல்லுநர் கணக்கு. ஒரு கிலோ சர்க்கரைக்கு இங்கே சுமார் 2,000 லிட்டர் நீர் செலவாகிறது. மழை குறைந்த மராத்வாடாவிலும் ஆலைகள் பெருகின. 2016-இல் லாத்தூர் நகரத்துக்குக் குடிநீரை மிரஜிலிருந்து ரயிலில் கொண்டுவர நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

உழவர்மீது மட்டும் பழி சுமத்துவது முறையன்று. கரும்புக்கு அரசு நிர்ணயித்த விலை உண்டு. வாங்க ஆலையும் உண்டு. பருப்புக்கும் சோளத்துக்கும் அத்தகைய உறுதி இல்லாதபோது உழவன் வேறெதை நாடுவான்? அவனினும் எளிய நிலையில் உள்ளோர் கரும்பு வெட்டும் தொழிலாளர். பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு புறப்பட்டு, அரைவைக் காலம் முழுதும் குடிசைகளில் வாழ்கின்றனர். பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நாம் அவர்தம் துயரை எளிதில் உணரலாம்.

வழியும் இல்லாமலில்லை. சொட்டுநீர்ப் பாசனம் நீர்ச்செலவைப் பெரிதும் குறைக்கிறது. சோகையை எரிக்காமல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கிறது. மண்ணும் வளம் பெறுகிறது. வறண்ட பகுதிகளில் மாற்றுப் பயிர்களுக்கு நிச்சயமான கொள்முதல் வேண்டும். கரும்பிலிருந்து எத்தனால் எடுப்பது ஆலைக்கு வருவாய் தரும். எனினும் அதற்கும் அதே நீர்தான் வேண்டும். மழை பொய்த்த 2023-இன் இறுதியில் கரும்புச்சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவதை மத்திய அரசே கட்டுப்படுத்தியது.

இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளக் கற்பித்த கூட்டுறவு, இனித் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளவும் கற்பிக்க வேண்டும். அதைச் செய்தால் இத்தொழில் நிலைக்கும். செய்யாவிடில் ஆலை இருக்கும், அரைக்கக் கரும்பிராது.