மருந்து அடித்தால் போதுமா? மலேரியா குறைந்ததை அறிவது எப்படி?

"மருந்து அடிச்சாச்சு, இனி நுளம்பு வராது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. மருந்து அடிப்பது ஒரு காரியம். நோய் குறைந்ததா என்று பார்ப்பது இன்னொரு காரியம். இரண்டும் வேண்டும். நமது நாட்டில் நடந்ததே இதற்குச் சாட்சி.

1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஆற்றுக் குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியாவால் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. "இனிப் பயமில்லை" என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். மறுபடி டி.டி.டி. அடித்தும் முன்போலப் பலிக்கவில்லை. நுளம்பு அதற்குப் பழகிவிட்டது. 1977இல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

எப்படி அளப்பது?

முதலாவது, இரத்தப் பரிசோதனை. ஒரு வருடம் 100 பேரைச் சோதித்து 10 பேருக்கு மலேரியா என்று வைப்போம். மறுவருடம் 50 பேரைச் சோதித்து 5 பேருக்குக் கண்டால் "பாதியாகிவிட்டது" என்று சொல்லலாமா? கூடாது. நூற்றுக்குப் பத்து என்பது மாறவில்லை, சோதனைதான் குறைந்தது.

இரண்டாவது, நுளம்பைச் சோதிப்பது. மருந்து தடவிய தாளோடு ஒரு மணி நேரம் அடைத்து வைத்து, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். பல தப்பினால் மருந்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, அதே மழை பெய்த, மருந்து அடிக்காத பக்கத்து ஊரோடு ஒப்பிடுவது. அங்கேயும் அதே அளவு குறைந்திருந்தால் அது மருந்தின் வேலையாக இருக்காது.

ஊருக்கேற்ற முறை

அம்பாறைக் கரையைப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீடுகள் கடலோரம்; வயல்களோ மேற்கே. கடித்த நுளம்பு சுவரில் உட்காரும்போதுதான் சுவர் மருந்து அதைக் கொல்லும். வயல் காவலுக்கு வாடியில் படுப்பவருக்கு ஊரிலுள்ள வீட்டுச் சுவரின் மருந்து என்ன செய்யும்? அவருக்கு வேண்டியது நுளம்பு வலை.

நமக்கென்ன?

2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆனாலும் 2018 டிசம்பரில், அம்பாறையை அடுத்த மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லை.

மலைக் குளிரில் மலேரியா குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாமும் சொந்தம் பார்க்க, கோவில் கும்பிட இந்தியா போகிறோம். ஆகவே:

- போகுமுன் தடுப்பு மாத்திரை பற்றி மலேரியா தடுப்புப் பிரிவில் கேளுங்கள். அது இலவசம்.
- திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், "இன்ன ஊருக்குப் போய் வந்தேன்" என்று டொக்டரிடம் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.
- காய்ச்சல் விட்டாலும் கொடுத்த மாத்திரையை முழுக்க விழுங்குங்கள். சில மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும்.
- கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா மாத்திரையும் அவர்களுக்கு ஆகாது.

ஒருவரின் இரத்தச் சோதனை அவருக்கு மட்டுமல்ல, லயத்துக்கே காவல்.