மாஸ்கோவில் அச்சான தமிழ் அலமாரி

சோவியத் புத்தகங்கள் என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது விலை. கெட்டி அட்டை, நூல் தைத்த கட்டு, மழமழவென்ற தாள், அத்தனையும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட்டை ஒட்டிய காசுக்குக் கிடைத்தன. அரசாங்கப் பணத்தில் அச்சிட்டு, லாபக் கணக்குப் பார்க்காமல் அனுப்பியதால் வந்த விலை அது. அனுப்பியவர்களுக்கு அரசியல் நோக்கம் இருந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கிய வீடுகளில் நடந்தது அந்த நோக்கத்தையும் மீறியது. அப்பாவுக்கு ஒரு நாவல், பத்தாவது படிக்கும் அக்காவுக்கு ஓர் அறிவியல் நூல், கடைக்குட்டிக்கு ஒரு படப் புத்தகம் என மூன்றும் ஒரே கடையில், ஒரே தரத்தில், தமிழில் கிடைத்தன. அப்படி ஒரு வசதி தமிழ் வாசகனுக்கு அதற்கு முன்பும் அதிகம் இருந்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

மாஸ்கோவில் அயல்மொழிப் பதிப்பகமாக இருந்தது 1963-ல் முன்னேற்றப் பதிப்பகம் ஆயிற்று. அதிலிருந்து இலக்கியத்தையும் சிறுவர் நூல்களையும் பிரித்து 1982-ல் ராதுகாவைத் தொடங்கினார்கள். அறிவியல் நூல்கள் மீர் பதிப்பகத்தின் பொறுப்பு. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தார்கள். இங்கே விற்றது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். கடைக்கு வர முடியாத ஊர்களுக்கு அவர்களுடைய வேன் போனது. கூடவே ‘சோவியத் நாடு’ பத்திரிகையும் வரும். அதன் பளபளப்பான தாளில் நோட்டுக்கு அட்டை போடாத பள்ளிப் பிள்ளைகள் குறைவு!

இந்த அலமாரியிலிருந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால், தல்ஸ்தோயை விட்டுவிட்டு அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ நூலைத்தான் எடுப்பேன். தமிழில் தந்தவர் நா. முகம்மது செரீபு. ரஸ்கினின் மகள் அடிக்கடி நோயில் படுத்த பிள்ளை. அவளைச் சமாளிக்கத் தன் சிறு வயதுக் கூத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஆசையாகக் கொடுத்த பந்தைக் கார் சக்கரத்தின் அடியில் எறிந்தது, வைத்தியம் பார்க்க வந்த பேராசிரியரைக் கடித்தது, பெரியவனானால் என்ன ஆவது என்று இன்றைக்கு ஐஸ்கிரீம்காரர், நாளைக்கு இரவுக் காவலாளி என மாறிக்கொண்டே இருந்தது. புத்தகம் முழுக்க அப்பா அவமானப்படுகிறார், பொய் சொல்கிறார், அழுகிறார். நம் ஊர் அப்பாக்கள் பிள்ளைகளிடம் சொல்லும் பால்ய கதைகளில் ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போவார்கள், தெருவிளக்கில் படிப்பார்கள். ரஸ்கின் அந்த வேலையே வைத்துக்கொள்வதில்லை. எட்டு வயதுக் குழந்தை இதைச் சிரிப்புக்காகப் படிக்கும். அதற்கு வாசித்துக் காட்டும் அப்பா நடுநடுவே சங்கடமாக நெளிவார். இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தில் வேலை வைத்திருக்கும் எழுத்து இது. சிறுவர் நூல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுவது நல்லது.

பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு பரீஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’. 1942 ஏப்ரலில் விமானம் விழுந்து, நொறுங்கிய கால்களோடு 18 நாட்கள் காட்டில் தவழ்ந்து வந்து, இரண்டு கால்களும் எடுக்கப்பட்டபின் செயற்கைக் கால்களுடன் மறுபடி போர் விமானம் ஓட்டிய அலெக்ஸேய் மரேஸ்யெவ் உண்மையில் வாழ்ந்தவர். 2001 வரை இருந்தார். நாவலின் பிற்பகுதியில் பிரசங்க வாடை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பனிக்காட்டில் தவழும் அந்த முதல் பகுதியை எடுத்தால் கீழே வைக்க முடியாது. அறிவியலில் யா. பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ ஒன்று போதும். 1913-ல் ருஷ்யனில் வந்த நூல் அது. பெரெல்மான் 1942-ல் லெனின்கிராத் முற்றுகையின்போது பட்டினியால் இறந்தார்.

பெரியவர்களுக்கான தட்டு இன்னும் நீளம். சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய குறுநாவல். தானே அரைகுறையாகப் படித்த ஒருவன், கிர்கீஸிய மலைக் கிராமத்தில் குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடம் ஆக்குகிற கதை. பி.எட். மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக வைத்தால்கூடத் தகும். கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ பல கைகள் மாறிப் படிக்கப்பட்டது. 2003-ல் எஸ்.பி. ஜனநாதன் எடுத்த ‘இயற்கை’ படத்துக்கு அதுதான் தூண்டுதல்.

குறையையும் சொல்ல வேண்டும். பாஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’வும் சோல்செனித்சினும் இந்த வழியில் தமிழுக்கு வரவே இல்லை. கட்சித் தலைவர்களின் உரைத் தொகுப்புகள் மட்டும் குறைவில்லாமல் வந்தன, தூசியும் படிந்தன. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ படிக்க எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு வரும்வரை நம் வாசகர்கள் காத்திருந்தார்கள்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இந்த வரத்தும் நின்றது. நாவல்கள் பிழைத்துக்கொண்டன. நியூ செஞ்சுரியும் பிற பதிப்பகங்களும் அவற்றில் பலவற்றை மறுபடி அச்சிட்டுத் தருகின்றன. புத்தகக் காட்சிகளில் கேட்டால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும். சிக்கல் படப் புத்தகங்களில்தான். கோழிக்கால் மேல் நிற்கும் குடிசையும் அதில் குடியிருக்கும் சூனியக்காரி பாபா யாகாவும் பக்கம் நிறைய வண்ணத்தில் வரும் ஒரு பெரிய அளவுப் புத்தகத்தை, அதே தாளில், அன்றைய விலையின் இன்றைய மதிப்புக்குக் கொடுக்க மானியம் இல்லாத எந்தத் தனியார் பதிப்பாளராலும் முடியாது. அதோடு, குழந்தைகள் கையில் புழங்கியவை ஆதலால் அவைதான் முதலில் கிழிந்தும் போயின.

அதனால் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய ராதுகா சிறுவர் புத்தகம் ஏதாவது கிடந்தால், அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு நூலகத்தில், அந்தப் பிரதி அவர்களிடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.