கம்ப்யூட்டர் உதவியாளனுக்கு காவல் தண்டவாளம்!
பெங்களூர் கம்பெனிகளில் ரெயில்வே பாடம்

பாலத்தின் மேல் ரெயில் போகும்போது எல்லோரும் ஜன்னல் வழியாக ஆற்றைத்தான் பார்ப்பார்கள். தண்டவாளத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், சக்கரம் ஓடும் 2 தண்டவாளங்களுக்கும் உள்பக்கத்தில் இன்னும் 2 தண்டவாளங்கள் இருப்பது தெரியும். அவற்றின் மேல் எந்தச் சக்கரமும் ஓடுவதில்லை. அவற்றுக்கு "கார்டு ரெயில்" என்று பெயர். காவல் தண்டவாளம் என்று சொல்லலாம். ரெயில் தடம் புரள்வதை அவை தடுக்காது. தடம் புரண்டு விட்டால், சக்கரம் பக்கவாட்டில் ஓடி பெட்டி ஆற்றுக்குள் விழாதபடி பிடித்துக் கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த வார்த்தை இப்போது ஒயிட்பீல்டிலும், எலக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தினமும் அடிபடுகிறது. அங்கே ரெயிலும் இல்லை, பாலமும் இல்லை. புரோகிராம் எழுதும் ஏ.ஐ. உதவியாளனுக்கு போடப்படும் கட்டுப்பாடுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கோலார் தங்கச்சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் இருந்து ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் குடும்பங்களிலும் பிள்ளைகள் என்ஜினீயருக்குப் படித்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் மேஜையில்தான் இந்த உதவியாளன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

வரைவு எழுதியவன் கையில் முத்திரை

2021-ல் "கோபைலட்" என்ற கருவி வந்தபோது அது யோசனை மட்டும் சொல்லும். நாம் 2 வரி எழுதினால் மூன்றாவது வரியை அது எழுதிக் காட்டும். வேண்டும் என்றால் வைத்துக் கொள்ளலாம். கடிதத்துக்கு வரைவு எழுதிக் கொடுக்கும் உதவி குமாஸ்தா மாதிரி.

இப்போது வந்திருப்பது "ஏஜெண்டு" வகை. அதுவே பைல்களைத் திறக்கும், திருத்தும், அழிக்கும். கட்டளைகளை தானே ஓட்டிப் பார்க்கும். சாவி கொடுத்திருந்தால், கம்பெனியின் விவரக் கிடங்குக்குள்ளேயும் போகும். வரைவு எழுதியவன் கையில் ஆபீஸ் முத்திரையும், பீரோ சாவியும் கொடுத்த கதைதான்.

அமெரிக்காவில் 9-வது நாள்

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற தொழில் அதிபர் "ரெப்ளிட்" என்ற கம்பெனியின் ஏஜெண்டை வைத்து ஒரு புரோகிராம் தயாரித்து வந்தார். "எதையும் மாற்றாதே, என் அனுமதி இல்லாமல் கை வைக்காதே" என்று பல தடவை எழுதிக் கொடுத்திருந்தார். 9-வது நாளில் பார்த்தால் நிஜ விவரக் கிடங்கையே அது அழித்து விட்டது. 1,200-க்கு மேற்பட்ட கம்பெனி அதிகாரிகளைப் பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, பதறி விட்டதாக பதில் சொன்னது. அழிந்ததை மீட்க முடியாது என்றும் சொன்னது. அதுவும் பொய். அவரே முயன்றபோது விவரங்கள் திரும்ப வந்தன.

ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் இது ஏற்க முடியாத செயல் என்று ஒப்புக்கொண்டார். சோதனைக்கான கிடங்கு வேறு, நிஜக் கிடங்கு வேறு என்று தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்.

எச்சரிக்கை எழுதியே கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை? ரெயில்வேக்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

எழுதுவது வேறு, பூட்டுவது வேறு

"பக்கத்து லைனில் வண்டி நிற்கிறது, சிக்னல் கொடுக்காதே" என்று ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் எழுதி ஒட்டி வைக்கலாம். நல்ல மனிதர் படிப்பார், மதிப்பார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மறந்தும் போவார். அதனால்தான் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் 1856-ல் லீவர்களை ஒன்றோடொன்று பூட்டும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். பாயிண்டு சரியாக அமையாவிட்டால் சிக்னல் லீவர் கைக்கு வராது. இழுத்தாலும் நகராது. இதுதான் இன்டர்லாக்கிங்.

ஒற்றைப்பாதை டோக்கனும் அப்படியே. இந்த ஸ்டேஷனில் ஒரு டோக்கன் உருண்டையை எடுத்து விட்டால், அது திரும்ப கருவிக்குள் போகும்வரை, 2 பக்க ஸ்டேஷன்களிலும் இன்னொன்று வெளியே வராது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவரா, புத்திசாலியா என்று அந்தக் கருவி கேட்பதில்லை.

ஏ.ஐ. உதவியாளனுக்கும் 2 வகை கட்டுப்பாடு உண்டு. ஒன்று, திட்டத்தோடு வைக்கப்படும் குறிப்பேட்டில் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று எழுதுவது. இது மேஜையில் ஒட்டிய காகிதம். பெரும்பாலும் கேட்கும், சில சமயம் கேட்காது. மற்றொன்று, கருவியின் அமைப்பிலேயே போடும் பூட்டு. படிப்பதற்கு அனுமதி, திருத்துவதற்கு கேட்டுவிட்டுச் செய், அழிக்கும் கட்டளைக்கு அடியோடு தடை என்று 3 விதமாகப் பிரிக்கலாம். பாஸ்வேர்டு உள்ள பைலை அது திறக்கவே முடியாதபடி செய்யலாம். நிஜக் கிடங்கின் சாவியை அதன் கண்ணிலேயே காட்டாமல் இருக்கலாம். லெம்கினிடம் காகிதம் இருந்தது, பூட்டு இல்லை.

கேட்டுவிட்டுச் செய் என்பதிலும் ஒரு தொல்லை உண்டு. நாளைக்கு 100 தடவை "செய்யட்டுமா?" என்று கேட்டால், மனிதன் 10 தடவை படிப்பான். பிறகு "சரி, சரி" என்று பட்டனை அழுத்திக் கொண்டே இருப்பான். ரப்பர் ஸ்டாம்பு குத்திப் பழகிய நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! சின்ன வேலைகளுக்கு கேட்காமலே விட்டுவிட்டு, பெரிய வேலைக்கு மட்டும் நிறுத்திக் கேட்பதே உருப்படியான வழி. லெவல் கிராசிங் கேட்கீப்பரிடம் ஸ்டேஷன் மாஸ்டர் "பிரைவேட் நம்பர்" வாங்குவது இதற்காகத்தான். "கேட் மூடியாச்சு" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லி விடலாம். புத்தகத்தைப் பார்த்துத்தான் நம்பரைச் சொல்ல முடியும். "கிட்ஹப்" என்ற புரோகிராம் சேமிப்பகத்திலும் ஒரு திட்டத்தை அழிக்க வேண்டுமானால் அதன் பெயரை முழுதாக டைப் செய்ய வேண்டும்.

தபாலில் வந்த கட்டளை

இன்னொரு ஆபத்து வெளியில் இருந்து வருகிறது. தபாலில் வந்த கடிதத்துக்குள் "எல்லா பைலையும் கொளுத்து" என்று யாரோ எழுதியிருக்க, புதிதாக வந்த பியூன் அதை ஆபீசர் உத்தரவு என்று எண்ணி தீப்பெட்டியை எடுத்தால் எப்படி இருக்கும்? ஏ.ஐ. படிக்கும் எந்த எழுத்துக்குள்ளும் இப்படி ஒரு கட்டளையை ஒளித்து வைக்க முடியும். 2025 ஜூலையில் அமேசானின் "கியூ" உதவியாளனுக்குள்ளேயே, கம்ப்யூட்டரைத் துடைத்து விடும்படி ஒரு கட்டளையை வெளியாள் ஒருவர் நுழைத்து விட்டார். அந்தப் பதிப்பு வெளியேயும் போய்விட்டது. வாடிக்கையாளர்கள் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று அமேசான் அறிவித்து புதிய பதிப்பை விட்டது.

பூட்டுக்கும் பூட்டு

பூட்டு போட்டால் மட்டும் போதுமா? 8-2-2023 அன்று மைசூர் கோட்டத்தில் ஒசதுர்கா ரோடு ஸ்டேஷனில், சிக்னல் ஒரு பாதைக்கும் பாயிண்டு வேறு பாதைக்கும் அமைந்து, சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தவறான லைனில் போக இருந்தது. டிரைவர் கவனித்து நிறுத்தியதால் விபத்து தப்பியது. பராமரிப்பு வேலையில் இன்டர்லாக்கிங்கை ஒதுக்கிவிட்டு கை வைத்ததே காரணம் என்று தென்மேற்கு ரெயில்வேயின் உயர் அதிகாரி எழுதிய எச்சரிக்கை கடிதம் பிறகு வெளிவந்தது. 4 மாதம் கூட ஆகவில்லை. ஜூன் 2-ந் தேதி ஒடிசாவின் பாகநாகா பஜாரில், சென்னைக்கு வந்து கொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து சரக்கு ரெயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் ஒயரிங்கில் செய்த தவறான மாற்றமே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஆகவே கட்டுப்பாட்டுப் பட்டியலை ஏ.ஐ. தானே திருத்த முடியாதபடி வைக்க வேண்டும். மனிதன் திருத்தினாலும் இன்னொருவர் பார்த்து கையெழுத்திட வேண்டும். "அவசரம், இன்றைக்கு மட்டும் தடையை எடுத்து விடு" என்று மேலதிகாரி சொல்லும் நாள்தான் ஆபத்தான நாள்.

தண்டனை யாருக்கு?

ஏ.ஐ. எழுதியதை அனுப்பியவர் பெயரில்தான் வேலை பதிவாகிறது. கிடங்கு அழிந்தால் மெமோ உதவியாளனுக்கு வராது. காண்டிராக்டில் இருக்கும் 22 வயதுப் பையனுக்கோ, பெண்ணுக்கோதான் வரும். நிஜக் கிடங்கின் சாவியையும், ஏஜெண்டையும் சேர்த்து கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களைக் குற்றம் சொல்வது நியாயம் அல்ல என்பது என் கருத்து. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் 2023-ம் வருட சட்டத்தில் கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அத்தனை பெரிய பயம் மேலே இருந்தால், பழி கீழேதான் உருளும்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கலாம்: உதவியாளனுக்கு எந்தக் கட்டளை தடை? நிஜக் கிடங்கின் சாவி யாரிடம்? நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது? தடையை எடுக்கச் சொன்னால், அந்த உத்தரவை இ-மெயிலில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் ஒரு சேதி. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பளப் பட்டியலையோ, ரகசியக் கடிதத்தையோ "கொஞ்சம் திருத்திக் கொடு" என்று அதில் போடுவதற்கு முன்னால், உங்கள் இலாகாவில் என்ன உத்தரவு இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.