பறிபோன பட்டமும் நிலைத்த மாண்பும்

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஆயினும் விசுவாச வாழ்வை விளக்க முற்பட்ட புனித பவுலடியார் பந்தயத் திடலையே உவமையாக எடுத்துக்கொண்டார் என்பதை நாம் அறிவோம். மனிதனின் உள்ளம் வெளிப்படும் இடங்களுள் திடலும் ஒன்று. எனவே, 1974-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளிடையே நடைபெற்ற ஒரு கால்பந்தாட்டப் பருவத்தைப் பற்றி இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம். அப்பருவத்தின் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தினர். நம்மவர் அடைந்த அத்தோல்வியிலும் நாம் நன்றியோடு கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

பங்குகள் வளர்த்த அணி

‘ஃபுட்பால்’ என்று அமெரிக்கர் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டத்தையே. நம் கால்பந்தாட்டத்தை அவர்கள் ‘சாக்கர்’ என்பர். நெடுங்காலம் அந்நாட்டில் இதற்குப் பெரும் மதிப்பு இருந்ததில்லை. அதற்கு விதிவிலக்காக விளங்கிய நகரங்களுள் ஒன்று, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ். பிரெஞ்சு அரசரான புனித லூயியின் பெயர் தாங்கிய அந்நகரில், பங்குப் பள்ளிச் சிறுவர்கள் கால்பந்தோடு வளர்ந்தனர். உயர் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க இளைஞர் மன்றம் அவர்களுக்காகப் போட்டிகளை ஒழுங்காக நடத்தி வந்தது. அம்மன்றத்தில் கால்பந்துப் பொறுப்பை ஏற்றிருந்த பாப் கெல்கர் என்பவரே, இயேசு சபையினரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக் கழக அணியை உருவாக்கினார்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1959-இல் முதன்முறையாகக் கால்பந்துப் பட்டப் போட்டியை நடத்தியது. இறுதி ஆட்டத்தில் பிரிட்ஜ்போர்ட் அணியை 5-2 என்ற கோல் கணக்கில் வென்று, செயின்ட் லூயிஸ் அம்முதல் பட்டத்தையே பெற்றது. 1973 வரை பத்து முறை அப்பட்டம் அதற்குக் கிடைத்தது. 1967-இல் மட்டும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தோடு பகிர்ந்துகொண்டது. அப்போட்டியில் அதனினும் மிகுதியாகப் பட்டம் வென்ற கல்லூரி இன்றளவும் இல்லை. 1967 முதல் அவ்வணிக்குப் பயிற்சியளித்த ஹாரி கியோ ஓர் அஞ்சல் துறை ஊழியர். 1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தை 1-0 என வென்று உலகையே வியக்கச் செய்த அமெரிக்க அணியில் ஆடியவர். உள்ளூர்ப் பங்குகளின் பிள்ளைகளைக் கொண்டே அவர் வெற்றிமேல் வெற்றி ஈட்டினார்.

வாஷிங்டனிலிருந்து வந்தவர்கள்

தலைநகர் வாஷிங்டனில் ஹவார்டு பல்கலைக் கழகம் உள்ளது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்கெனப் பாடுபட்டவர்கள் 1867-இல் அதை நிறுவினர். லிங்கன் பிலிப்ஸ் என்பவர் 1970-இல் அதன் கால்பந்துப் பயிற்சியாளரானார். மேற்கிந்தியத் தீவாகிய திரினிடாட்டில் பிறந்த அவர், அந்நாட்டு அணியின் கோல் காப்பாளராக விளங்கியவர். அவருடைய அணியில் திரினிடாட், ஜமைக்கா ஆகிய தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் படிக்க வந்த மாணவர்கள் ஆடினர்.

1971 டிசம்பரில் மயாமி நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இவ்வணி, முந்தைய ஈராண்டுகளும் பட்டம் வென்றிருந்த செயின்ட் லூயிஸை 3-2 என வீழ்த்தியது. அச்சங்கத்தின் தேசியக் கால்பந்துப் பட்டம் கறுப்பின மக்களுக்கென அமைந்த ஒரு கல்லூரிக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

பறிக்கப்பட்ட பட்டம்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஹவார்டு மாணவர் சிலருக்கு ஆடும் தகுதி இல்லை என்று விளையாட்டுச் சங்கம் குற்றம் சாட்டி, 1971-ஆம் ஆண்டுப் பட்டத்தைப் பறித்தது. 1973-ஆம் ஆண்டுப் பட்டப் போட்டியில் கலந்துகொள்ளவும் தடை விதித்தது. வேறு கல்லூரிகளிலும் அயல்நாட்டு மாணவர் ஆடுகையில் தங்களை மட்டும் துருவி ஆராய்வது ஏன் என்று ஹவார்டு தரப்பினர் நெஞ்சம் குமுறிக் கேட்டனர். ஆயினும் கல்லெடுத்து எறியாமல், நீதிமன்றத்தை நாடினர்.

நீதிமன்றம் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தது. சங்கத்தின் விதிகளுள் ஒன்று, பத்தொன்பது வயதுக்குப் பின் அயல்நாட்டில் ஆடிய ஒவ்வோர் ஆண்டையும் அயல்நாட்டு மாணவன் கல்லூரியில் ஆடிய ஆண்டாகவே கணக்கிட்டது. அதே வயதில் தன் ஊர்க் கழகத்தில் ஆடிய அமெரிக்க மாணவனுக்கோ அக்கணக்கு இல்லை. இவ்விதி சமநீதிக்கு மாறானது என்று 1973-இல் தீர்ப்பாயிற்று. 1975-இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் கல்வித் தகுதி பற்றியும், கல்லூரியில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் ஆடி முடிப்பது பற்றியும் அமைந்த வேறு விதிகள் முறையானவையே என்றும் நீதிமன்றம் கூறியது. எனவே பட்டம் திரும்பக் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஹவார்டு மாசு மறுவற்றதென்று சொல்வது உண்மையாகாது. அதைத் தண்டித்த சங்கத்தின் கரங்கள் தூயவை என்று சொல்வதும் உண்மையாகாது. உலகில் பெரும்பாலான வழக்குகள் இத்தகையனவே. தன்னிடமுள்ள குறையை ஏற்று, தனக்கிழைத்த அநீதியையும் அஞ்சாமல் எடுத்துரைப்பவன் முன் ஒரு வழி உண்டு. அவ்வழியையே அம்மாணவர்கள் திடலில் காட்டினர்.

1974: குறையின்றி ஒரு பருவம்

தடை நீங்கியபின் வந்த முதல் பருவம் 1974-ஆம் ஆண்டினுடையது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து செப்டம்பர் வாக்கில் தொடங்கி, மரங்கள் இலை உதிர்த்துக் குளிர் இறுகும் டிசம்பரில் முடியும். அம்மாதங்களில் ஹவார்டு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒன்றைக்கூடச் சமனில் விடவுமில்லை. இப்படிப் பதினெட்டு வெற்றிகளோடு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே நின்றதோ அதே செயின்ட் லூயிஸ். ஆட்டம் நடந்ததும் அந்நகரின் புஷ் விளையாட்டரங்கில், அவ்வூரார் நடுவில்.

குறித்த நேரம் முடிந்தபோது ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரம் கொடுத்தனர், முடிவில்லை. மீண்டும் கொடுத்தனர், அப்போதும் இல்லை. கால்கள் சோர்ந்து, மூச்சு வாங்க, நான்காம் கூடுதல் நேரத்தில் நைஜீரிய மாணவரான கென்னத் இலோடிக்வே அடித்த பந்து வலையில் விழுந்தது. 2-1! பத்தொன்பது ஆட்டங்கள், பத்தொன்பது வெற்றிகள். இப்பட்டத்தை எவராலும் பறிக்க இயலவில்லை.

பட்டத்தை இழந்தவர்கள் தங்கள் சக்தியைப் பகையில் செலவிட்டிருந்தால் அந்நான்காம் கூடுதல் நேரத்தில் ஓடுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? முறையீட்டை நீதிமன்றத்திடம் விட்டுவிட்டு, உழைப்பைத் தங்களிடம் வைத்துக்கொண்டனர். அதுவே அவர்கள் வெற்றியின் இரகசியம் என்று நாம் கருதுகிறோம்.

நம் வீட்டுக் கணக்கு

கத்தோலிக்க அணி தோற்றதே என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம். 1823-இல் மிசூரிப் பகுதிக்கு வந்த இயேசு சபையினர், மேரிலாந்திலிருந்து அடிமைகளையும் தம்முடன் கொண்டுவந்தனர் என்பது வரலாறு. அவர்கள் நடத்திய செயின்ட் லூயிஸ் பல்கலைக் கழகத்தில் 1944 வரை கறுப்பின மாணவர்க்கு இடமில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில், கிளாட் ஹைத்தவுஸ் என்ற இயேசு சபைக் குரு மாணவர் திருப்பலியில் இக்கொடுமையைக் கண்டித்து மறையுரை ஆற்றினார். நடந்த தவறுகளுக்காக மன்னிப்பு வேண்டி எழுந்து நின்று செபிக்குமாறு அவர் கேட்க, மாணவர்கள் எழுந்து நின்றனர். அவ்வாண்டுக் கோடையிலேயே கறுப்பின மாணவர்க்குக் கதவு திறந்தது. உண்மை உரைத்த அக்குரு பின்னர் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1947-இல் பேராயர் ஜோசப் ரிட்டர், உயர் மறைமாவட்டப் பள்ளிகளில் நிறவேற்றுமையை ஒழித்தார். எதிர்த்து வழக்காட முனைந்த பெற்றோரைத் திருச்சபைக்குப் புறம்பாக்க நேரிடும் என்றும் எச்சரித்தார். நாட்டின் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைப் பற்றி அத்தகைய தீர்ப்பு வழங்கியது அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1954-இல்தான்.

ஆகவே, ஒரு காலத்தில் கறுப்பின மாணவனை உள்ளே விடாத பல்கலைக் கழகத்தின் அணியை, அதன் ஊரிலேயே, முறையான ஆட்டத்தில் கறுப்பின மாணவர்கள் வென்றனர். நம்மவர் தோற்றாலும் நீதி வென்றதென்று நம்மால் மகிழ முடியுமானால், நாம் கிறிஸ்துவின் பள்ளியில் ஓரளவேனும் தேர்ந்தவர்கள்.

பெற்றோரே, உங்கள் மகனை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கண்ணீரோடு வீட்டுக்கு வருவானாயின், முதலில் அவனிடம் குறையுண்டோ என்று அவனோடு அமர்ந்து பாருங்கள். உண்டெனில் திருத்துங்கள். இழைக்கப்பட்டது அநீதி எனில் உரியவரிடம் துணிந்து கேளுங்கள். எவ்வாறாயினும், மறுநாள் காலை அவனைப் பயிற்சிக்கு அனுப்ப மறவாதீர்கள்.

இளைஞரே, உங்கள் பங்குத் திருவிழாப் போட்டிகளுக்கு அணி சேர்க்கும்போது எந்தத் தெருவின் பிள்ளை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான் என்று நிமிர்ந்து பாருங்கள். அவனை உள்ளே அழையுங்கள். அவன் அடிக்கும் கோலால் நீங்கள் தோற்க நேரிடினும், ஓடிச்சென்று அவன் கையைப் பற்றிக் குலுக்குங்கள்.