ஒன்றரைக் கட்டையில் ஒரு கம்ப்யூட்டர்

மைசூரு சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் குடியிருக்கிறார். ஒருநாள் ராத்திரி உறை மோர் வாங்கக் கீழே இறங்கி வந்தவர், என் அறை வாசலில் நின்று காதைச் சாய்த்தார்.

“ஏம்ப்பா, உள்ளே ரெண்டு தம்பூரா ஓடறதா? ஒண்ணோட ஒண்ணு சேரலையே!”

“தம்பூரா இல்ல மாமி, கம்ப்யூட்டர் ஃபேன்.”

“எதுவா இருந்தா என்ன, சுருதி சேரணுமோல்லியோ?”

மாமி சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை, சுத்தமான இயற்பியல். கேபினெட்டின் முன்பக்கம் ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு இறக்கை. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று. ஏழு இறக்கையும் காற்றை வெட்டும்போது நொடிக்கு 140 அதிர்வு. ஆண் குரல் பாட்டுக்கு வைக்கும் ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு ஏறக்குறைய அதுதான் கணக்கு. பக்கத்து விசிறி 1180இல் சுற்றினால் அதிர்வு 138க்குக் கொஞ்சம் கீழே வரும். இரண்டும் கலந்து நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் ‘வ்ஊம்... வ்ஊம்...’ என்று ஏறி இறங்கும். பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அது. தொடர்ந்து வரும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும்; விம்மும் சத்தத்தை மறக்க விடாது. ஒரு விசிறியை வேண்டுமென்றே 1050க்கு இறக்கினேன். விம்மல் போய்விட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சி.

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கொஞ்சம் கனமான வேலை பார்க்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் 200 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடியது போல. உள்ளே போகும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியே வரவேண்டுமானால், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் நொடிக்கு 17 லிட்டர் காற்று அந்தப் பெட்டியைக் கடக்கவேண்டும். ஒரு குடத்துக்கும் மேல்.

மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம். இங்கே காற்று நூற்றுக்கு எட்டொன்பது பங்கு லேசு. விசிறி அதே வேகத்தில் அதே குடம் காற்றைத்தான் தள்ளும், ஆனால் குடத்துக்குள் சரக்கு குறைவு. ஆகவே 17 லிட்டர் இங்கே கிட்டத்தட்ட 19 ஆகிறது. விசிறியைத் துரிதப்படுத்தாமல் விட்டால் பெட்டிக்குள் ஒரு டிகிரி கூடும், அவ்வளவுதான். கோடையில் சென்னையைவிட இந்த ஊர் நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பதில் அந்த நஷ்டம் வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது. அறை ஒரு டிகிரி குளிர்ந்தால் பிராசஸரும் ஒரு டிகிரி குளிரும். ஏப்ரல் மத்தியானம் இங்கே 34, 35 போகும். ராத்திரி ஜன்னலைத் திறந்தாலே போதும்.

இப்போது சத்தம். வீட்டுக் கூடத்து சீலிங் ஃபேனைப் பாருங்கள். குறுக்களவு 1200 மில்லிமீட்டர், முழு வேகத்தில் நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்று. கம்ப்யூட்டர் விசிறி சரியாக அதில் பத்தில் ஒரு பங்கு, 120 மில்லிமீட்டர். அறை முழுக்கக் காற்றைக் கலக்கும் பெரியது தூங்கவைக்கிறது, கைப்பிடி அளவு சின்னது எரிச்சலூட்டுகிறது. காரணம் வேகம். விசிறி தள்ளும் காற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். சத்தம் அப்படியில்லை: வேகம் இரட்டித்தால் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகத் தோன்றும். அதுவே ஒரு விசிறிக்குப் பதில் அதே மாதிரி இரண்டு வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே ஒன்றை ஓட ஓட விரட்டுவதைவிட, இரண்டைப் பாதி வேகத்தில் நடக்கவிட்டால் தள்ளும் காற்று ஏறக்குறைய அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு. விசிறியைப் பெரிதாக்கினாலும் லாபம்தான். 120க்குப் பதில் 140 மில்லிமீட்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான வேகத்தில் அதே காற்று கிடைக்கும்.

கடையில் ‘சைலன்ட்’ என்று அச்சடித்த பெட்டியைக் காட்டுவார்கள். அதில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நான் நம்புவதில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து அளந்தார்கள், விசிறிக்கு முன்னால் வலையோ தடுப்போ இருந்ததா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். மேஜைமேல் காதுக்கு ஒரு முழத்தில் வைத்த கேபினெட்டைத் தரைக்கு இறக்கினால், விலை உயர்ந்த விசிறி தரும் நிம்மதியில் பாதி கிடைத்துவிடும். ஆனால் ‘கம்ப்யூட்டர் டேபிள்’ என்று விற்கிறார்களே, ‘சிபியு’ வைக்கக் கதவு போட்ட அலமாரியோடு, அதற்குள் மட்டும் வேண்டாம். வெளியே விட்ட சூட்டையே அது திரும்ப உள்ளே இழுக்கும். கேபினெட்டுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போடும் வீடுகளும் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்த பிறகு போடுவது வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேபினெட் விசிறி சூட்டை வெளியே தள்ளுகிறது, சரி. கட்டைவிரல் நகம் அளவுள்ள சில்லிலிருந்து அந்தச் சூட்டைக் காற்றிடம் கொண்டுவந்து சேர்ப்பது யார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சாமான் வருகிறது: வெப்பக் குழாய். கோபுரக் கூலர் என்று வாங்குகிறோமே, அலுமினியத் தகடுகளை அடுக்கி நடுவே செம்புக் குழாய் சொருகியது, அந்தக் குழாயை வெறும் செம்பு என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில சொட்டுத் தண்ணீரை விட்டு மூடியிருக்கிறார்கள். மைசூரில் உலை 100 டிகிரிக்குக் காத்திராமல் 97, 98இலேயே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு என்பதால். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் 40, 50 டிகிரியிலேயே கொதிக்கும். பிரஷர் குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்த கணக்கு. பிராசஸர் பக்கம் கொதித்து ஆவியாகிய தண்ணீர் தகடுகளின் பக்கம் ஓடிக் குளிர்ந்து, உள்சுவரில் படிந்த நுண்துளைச் செம்பின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் திரும்பி வருகிறது. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. வெறும் செம்புக் கம்பியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1963இல் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டியபோது விண்கலங்களை மனத்தில் வைத்திருந்தார்கள். இன்று உங்கள் லேப்டாப்புக்குள்ளும் இருக்கிறது. மூடிய குழாய் என்பதால் ஊரின் உயரம் அதைத் தொடாது.

பிராசஸரோடு பெட்டியில் இலவசமாக வரும் கூலர் ஆபத்தானது அல்ல, சின்னது. சின்னது என்பதால் வேலை கூடியதும் மூவாயிரம் சுற்றுக்குத் தாவிக் கத்தும். 65 வாட் ரகப் பிராசஸருக்கு 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட ஒரு கோபுரக் கூலர் தாராளம். வாங்குமுன் உயரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். பல கூலர்கள் 155 மில்லிமீட்டரைத் தொடும், ஒடுங்கிய கேபினெட்டின் கதவு மூடாது. தண்ணீர்க் குளிர்விப்பு பார்க்க ஜோர், ஆனால் அதன் பம்ப் ஓய்வே எடுக்காது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். இருநூறு வாட் பிராசஸர் வைத்து வீடியோ வெட்டுபவர்களுக்கு நியாயம் உண்டு. மின்கட்டணம் பார்ப்பதும் ஆன்லைன் வகுப்பும்தான் வேலை என்றால் அந்தக் காசில் வேறேதாவது செய்யலாம்.

கூலரை மாட்டும்போது நடுவில் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைப்பார்கள். வழவழவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புக்கும் இடையே உள்ள நுண்பள்ளங்களில் காற்று தங்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் படுசோம்பேறி. அதை விரட்டத்தான் பேஸ்ட். நான் முதல்முறை மாட்டியபோது பேஸ்ட் வைத்தேன், திருகுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கினேன், புத்தகத்தில் சொன்ன எல்லாமும் செய்தேன். ஐந்தே நிமிடத்தில் 95 டிகிரி. கழற்றிப் பார்த்தால் கூலரின் அடியில் ‘பயன்படுத்துமுன் உரிக்கவும்’ என்ற பிளாஸ்டிக் தாள் பத்திரமாக ஒட்டியிருந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சூட்டை வெளியேற்றுவதைவிடச் சூட்டை உண்டாக்காமல் இருப்பது சுலபம். பிராசஸர் தன் கடைசிப் பத்து விழுக்காடு வேகத்தை எட்ட மின்னழுத்தத்தைக் கூட்டுகிறது. செலவாகும் மின்சாரமோ அந்த அழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும். பயாஸ் அமைப்பில் மின்னளவுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டால் வேகத்தில் குறைவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு நன்றாகத் தெரியும். அதே இடத்தில் விசிறியின் வேக வளைவும் இருக்கும். பிரவுசரைத் திறந்தாலே அந்த நகமளவுச் சில்லு ஒரு நொடியில் இருபது டிகிரி துள்ளும், உடனே அடங்கும். அதைப் பார்த்துப் பதறி விசிறியும் துள்ளினால்தான் அந்த ‘உய்ங்... உய்ங்’. 60 டிகிரி வரை விசிறியை ஒரே நிதானத்தில் ஓடவிட்டு, அதற்குமேல் போனாலும் சில நொடி தாமதித்து ஏறும்படி வைத்தேன். இன்றைய பிராசஸர்கள் 95, 100 டிகிரியில்தான் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 75க்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

இந்த ஊருக்கென்றே ஒரு எதிரி உண்டு. மைசூரு ஊதுபத்திக்கு 2005இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ரங்கராவ் இங்கே 1948இல் தொடங்கிய தொழில்தான் சைக்கிள் பிராண்டாக நாடெங்கும் மணக்கிறது. காலையும் மாலையும் ஏற்றாத வீடு குறைவு, வெள்ளிக்கிழமை கூடவே சாம்பிராணி. அந்தப் புகையில் மிதக்கும் பிசுக்கு கூலரின் தகடுகளில் படியும், அதன்மேல் தெருப் புழுதி ஒட்டும். வெறும் தூசியானால் ஊதினால் போகும். இது கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். பூஜை அலமாரியும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, மென்தூரிகையால் தட்டி, இறக்கைகளின் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவேண்டும். புளோயர் பிடிக்கும்போது விசிறியை விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும், அப்புறம் கரகரப்பு வேறு.

இதெல்லாம் முடித்துப் பெருமையோடு மாமியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று கேட்டார்.

“தம்பூரா நின்னுடுத்து. இப்போ உன் மேஜை பாடறது.”

மேஜைமேல் உள்ளங்கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மெல்லிய நடுக்கம். கேபினெட்டைத் தரைக்கு இறக்கினேனே தவிர, மேஜையின் கால்சட்டத்தில் முட்டும்படி தள்ளிவைத்திருந்தேன். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று, நொடிக்கு 120 அதிர்வு. தனியாக வைத்தால் டிஸ்க்கின் சத்தம் கேட்கவே கேட்காது. மரம் அதை வாங்கிப் பெரிதாக்குகிறது. வீணைத் தந்தியைக் குடத்திலிருந்து பிரித்து மீட்டினால் என்ன கேட்கும்? பலாமரக் குடம் அல்லவா ஒலிக்கிறது. வீணை சேஷண்ணா (1852–1926) வாசித்த ஊரில் இது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான்.

கேபினெட்டை நாலு விரல் நகர்த்தி, டிஸ்க்கின் திருகுகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டேன். அடுத்த மாதம் எஸ்எஸ்டி வாங்கினேன். அதில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. பழைய டிஸ்க் இப்போது அலமாரியில், புகைப்படங்களின் நகலோடு, துணியில் சுற்றிக் கிடக்கிறது.