சுவரில் மாட்டும் ஸ்பீக்கர்: இடம் மிச்சம் சரி, சத்தம் எப்படி? டிரில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் குடிவரும் பலருக்கும் ஒரே சிக்கல்தான். ஹால் 11 அடி அகலம். அதில் சோபா, டிவி, ஷூ ரேக், குழந்தையின் சைக்கிள் எல்லாம் போக ஸ்பீக்கருக்கு எங்கே இடம்? "சுவர்ல மாட்டிடலாம் சார்" என்பார் ஃபிட்டிங் செய்ய வந்தவர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

படம் போட்டால் சண்டைக் காட்சி அதிரும். ஆனால் ஹீரோ பேசுவது மட்டும் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ஸ்பீக்கர் மட்டம் என்று நினைப்போம். பல வீடுகளில் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை, அது இருக்கும் இடம்.

சுவர் ஒலியை என்ன செய்கிறது?

ஸ்பீக்கரின் உயர்ந்த சுருதி ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல முன்பக்கம் போகும். தாழ்ந்த சுருதி ஒலிகள், அதாவது நாம் 'பேஸ்' என்று சொல்பவை, குண்டு பல்பு வெளிச்சம் போல எல்லாப் பக்கமும் பரவும். பின்பக்கம் போன பேஸ், சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருந்தால், திரும்பி வரும் ஒலி முன்னால் போகும் ஒலியோடு கைகோத்துக்கொள்ளும். இதனால் பேஸ் 6 டெசிபல் வரை கூடும். ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை நான்கு மடங்காக்கினால்தான் இந்த 6 டெசிபல் கிடைக்கும். சுவர் இதை இலவசமாகத் தருகிறது. மூலையில் மாட்டினால் இன்னும் கூடும்.

இந்த இலவசம்தான் பிரச்னையும். ஸ்டாண்டில் தள்ளி வைப்பதற்காக வடிவமைத்த ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டினால் பேஸ் மட்டும் வீங்கும். ஆண் குரலின் அடிப்பகுதியும், தவில், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் இந்த வீக்கத்தில் சிக்கும். பானைக் குரலுக்குக் காரணம் இதுதான்.

அப்படின்னா தள்ளி வைத்தால் சரியாகிவிடுமா?

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், சுமார் 143 ஹெர்ட்ஸ் சுருதி சுவரில் பட்டு வரும்போது நேர் ஒலிக்கு எதிராகத் திரும்பி நிற்கும். ஒன்று மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, அந்தச் சுருதி மட்டும் மெலிந்துவிடும். பாட்டில் சில பேஸ் கிட்டார் ஸ்வரங்கள் திடீரென காணாமல் போவது இப்படித்தான்.

சுவரில் மாட்டிய ஸ்பீக்கரின் முகப்பு 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பள்ளம் சுமார் 430 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் ஒலி பின்பக்கம் போவது குறையத் தொடங்கும் என்பதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். சுவருக்குள்ளேயே பதித்துவிட்டால் பின்சுவரால் வரும் இந்தப் பள்ளமே இல்லை. பல ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய ஸ்பீக்கர்களைச் சுவரோடு சமமாகப் பதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அறைச் சுவர்கள் ஸ்பீக்கரின் பேஸை எப்படி மாற்றுகின்றன என்று அமெரிக்கப் பொறியாளர் ராய் அலிசன் 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே ஸ்பீக்கர்களையும் வடிவமைத்தார்.

ஆக, 11 அடி ஹாலில் 'ஒட்டியும் இல்லை, தள்ளியும் இல்லை' என்று நடுவில் வைப்பதைவிட, அதற்கேற்ற ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டுவது பல நேரம் நல்லது.

இழப்பு என்ன?

முதலாவது, ஆழம். நன்றாகத் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் பாடகர் முன்னாலும் வயலின்கள் பின்னாலும் இருப்பது போலத் தோன்றும். சுவரில் மாட்டினால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பது போலக் கேட்கும். இரண்டாவது, திருத்த முடியாமை. ஸ்டாண்டை அரை அடி நகர்த்திப் பார்க்கலாம். சுவரில் போட்ட ஓட்டையை நகர்த்த முடியாது. வாடகை வீடு என்றால் அந்த ஓட்டை அட்வான்ஸில்தான் கழியும்.

தியேட்டரில் சுவரில்தானே மாட்டியிருக்கிறார்கள்?

பக்கச் சுவரில் தெரிபவை பெரும்பாலும் மழை, ஹெலிகாப்டர் போன்ற சூழல் ஒலிகளுக்கானவை. வசனம் வரும் முக்கிய ஸ்பீக்கர்கள் துளையிட்ட திரைக்குப் பின்னால் இருக்கின்றன. எனவே தியேட்டரைப் பார்த்து வீட்டின் முன் ஸ்பீக்கர்களை ஏழடி உயரத்தில் மாட்டாதீர்கள். உட்கார்ந்தால் நம் காது சுமார் மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். ட்வீட்டர், அதாவது சின்ன ஸ்பீக்கர், அந்த உயரத்தில் இருப்பது நல்லது. முடியாவிட்டால் காதைப் பார்த்துக் கீழே சாய்க்கும் பிராக்கெட் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர்

இன்றைய உயரமான குடியிருப்புகள் பலவற்றில் சுவரே கான்கிரீட். எடையைத் தாங்கும், அதிர்ந்து கரகரக்காது. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு பிராக்கெட் வழியாகச் சுவரில் இறங்கினால், கான்கிரீட் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டு ஒலி அமைப்பின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனால் சிறுசேரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்குக் காலை 11 மணிதான் நடுராத்திரி. விதியில் அவருக்குத் தனி வரம்பு கிடையாது. அவருடைய பெட்ரூம் சுவரில் மாட்டாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மாட்டும் முன் என்ன செய்யலாம்?

* முதலில் டிவி யூனிட் மீதோ ஸ்டூல் மீதோ, சுவரை ஒட்டி ஒரு வாரம் வைத்துக் கேளுங்கள். செய்தி வாசிப்பு ஒன்று, தவில் ஒன்று, உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்று போதும்.

* பெட்டியின் பின்னால் காற்றுத்துளை இருந்தால் சுவரோடு ஒட்ட வேண்டாம். மூடிய பெட்டி அல்லது முன்பக்கத் துளை உள்ளதே சுவருக்கு ஏற்றது.

* மூலையிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளுங்கள்.

* பேஸ் வீங்கினால் ஆம்ப்ளிஃபயரில் குறைக்கலாம். ஆனால் ரத்தாகி மெலிந்த சுருதியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும். இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

* பிராக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வையுங்கள். வெறும் ஆணியை நம்பாமல், எடைக்கேற்ற ஆங்கர் போல்ட் போடுங்கள்.

* சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே டிரில் வேண்டாம். உள்ளே ஒயர் போகலாம்.

குழந்தை இழுத்துவிடும் வீட்டில், நடக்க இடமில்லாத ஹாலில், சுவர் ஒரு நியாயமான இடம்தான். ஒரு வாரம் கேட்டுப் பார்த்த பிறகும் காது சரி என்றால், அப்புறம் டிரில்லை எடுங்கள்.